நான்காவது டிஸ்க்

அழிவற்றது என்று இந்தப் பூமியில் ஏதாவது உண்டென்றால், அது முறையாக அடுக்கப்பட்ட நான்கு டிஸ்க்குகளில் வைத்த தரவு மட்டுமே. இந்தப் பொன்மொழியை அவரே யோசித்து, அவரே அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். மாட்டிய இடம் துணி துவைக்கும் மெஷினுக்கு மேலே. வீட்டில் வேறெங்கும் ஆணி அடிக்க மனைவி சம்மதிக்கவில்லை. மெஷினுக்கும் செருப்பு அலமாரிக்கும் நடுவே முனகிக்கொண்டிருந்த கறுப்பு சர்வர் பெட்டியை அவர் 'டேட்டா சென்டர்' என்பார். மனைவி 'அந்த ஹீட்டர்' என்பாள்.

ஞாயிறு மதியம். மனைவி வேலைக்குப் போயிருந்தாள். வீட்டில் யாரும் படம் பார்க்கவில்லை, எதையும் சேமிக்கவில்லை. ஆனாலும் பெட்டியின் முகப்பில் நான்காவது விளக்கு மட்டும் விட்டுவிட்டுச் சிமிட்டியது, யாரோ உள்ளே உட்கார்ந்து நிதானமாக எதையோ எழுதுகிறார்கள் என்பதுபோல. பதினொரு மாதமாக அவர் அந்த விளக்கைப் பார்ப்பதைத் தவிர்த்து வந்தார். துணி எடுக்க வந்தால்கூடப் பக்கவாட்டில் திரும்பியே நிற்பார்.

போன் அடித்தது. தங்கை.

"அண்ணா, நாலு மணிக்கு வர்றேன். புது டிஸ்க் ஒண்ணு வாங்கிட்டேன். அவர் வீடியோ எல்லாத்தையும் அதுல காப்பி பண்ணிக் குடுத்துடு."

"இப்ப என்ன அவசரம்?"

"பாப்பா நேத்து கேக்குறா, அப்பா எப்படிம்மா பேசுவாருன்னு. நான் பேசிக் காட்டுனேன். இல்லம்மா, அது உன் குரல்ங்குறா. எல்லாம் இருக்குல்ல?"

"என்ன கேள்வி இது? யாரோட சர்வர்?"

"தெரியும், தெரியும். உலகமே அழிஞ்சாலும் உன் சர்வரும் கரப்பான்பூச்சியும் மிச்சம் இருக்கும்."

அவர் சிரித்தார். சிரிப்பு முடிந்த பிறகும் வாய் அப்படியே நின்றது.

நடந்தது எளிமையானது. மாப்பிள்ளை இறந்த மூன்றாம் வாரம் தங்கை ஒரு டிஸ்க்கைக் கொண்டுவந்து, "உன்கிட்ட இருந்தாத்தான் பத்திரம்" என்று கொடுத்தாள். ஆறு வருடத்து வீடியோக்கள். வேறு நகல் இல்லை. அதே வாரம் அவர் சர்வர் கட்டினார். மேஜையில் அந்த டிஸ்க்கும் புதிதாக வாங்கிய டிஸ்க்கும் ஒரே நிறத்தில், ஒரே கனத்தில் அருகருகே கிடந்தன. எதற்கும் பெயர்ச் சீட்டு ஒட்டவேண்டும் என்று அலுவலகத்தில் இரண்டு மணி நேரம் வகுப்பு எடுக்கும் மனிதர், இரண்டிலும் ஒட்டவில்லை. டிஸ்க் செருகும் நான்காவது குழியில் போனது தங்கை கொடுத்தது என்பது மறுநாள்தான் தெரிந்தது. அதற்குள் நான்கும் உள்ளே இருந்ததெல்லாம் அழித்துத் துடைக்கப்பட்டு, ஒன்றாகக் கட்டப்பட்டிருந்தன. ஏமாந்து நின்ற புது டிஸ்க்கை ஐந்தாவது குழியில் செருகி, மறந்துபோனார். தங்கையிடம், "ஏத்திட்டேன்மா" என்றார்.

மணி மூன்று இருபது. அவரிடம் ஒரு திட்டம் இருந்தது. ஒரு டிஸ்க் செத்தால் மற்ற மூன்றும் சேர்ந்து, தங்களுக்குத் தெரிந்ததை வைத்து, அதில் இருந்ததைக் கணக்கிட்டு மீண்டும் எழுதிவிடும். இந்த மகிமையை அவர் எல்லாக் கல்யாண வீட்டிலும் விளக்கியிருக்கிறார். எனவே ஒன்று போதாது, இரண்டு சாகவேண்டும். "ஒரே நேரத்துல ரெண்டும் போச்சும்மா, கோடியில ஒருத்தருக்குத்தான் இப்படி ஆகும்." கண்ணாடி முன் நின்று ஒருமுறை சொல்லிப் பார்த்தார். 'கோடியில்' என்ற இடத்தில் குரல் நன்றாகவே உடைந்தது.

மண்டியிட்டு நான்காவதை உருவினார். பெட்டி நீளமாக ஒரு பீப் ஒலி எழுப்பியது. கையில் டிஸ்க் சூடாக இருந்தது. ஓடிய இயந்திரத்தின் சூடாகத் தெரியவில்லை, காய்ச்சல்காரரின் உள்ளங்கையைப் பிடித்ததுபோல் ஈரம் கலந்த சூடு. இரண்டாவதை உருவக் கை நீட்டியபோது ஐந்தாவது விளக்கு பச்சையாக எரிந்தது.

உதிரி டிஸ்க். பெட்டி யாரையும் கேட்காமல் செத்ததை மீட்கத் தொடங்கியிருந்தது. அப்படித் தொடங்கும்படி பழக்கியவர் அவர்தான்.

உள்ளேயிருந்து வழக்கமான கறகறப்பு வந்தது. பிறகு அது மாறியது. மெல்லிய, சளி கட்டிய, பேசுவதற்குமுன் தயங்குகிற ஒரு ஒலி. க்ஹ்ம். இடைவெளி. க்ஹ்ம். மாப்பிள்ளைக்கு அந்தப் பழக்கம் உண்டு. பெண் பார்க்க வந்த அன்றே மூன்று முறை செருமிவிட்டுத்தான் வாய் திறந்தார். செருப்பு அலமாரிப் பக்கமிருந்து இருமல் மிட்டாயின் வாசனை வந்தது.

இரண்டாவது டிஸ்க்கை இழுத்தார். அசையவில்லை. மூன்றாவதை இழுத்தார். அதுவும்.

பிளக்கைப் பிடுங்கினார்.

விளக்குகள் எரிந்தன.

க்ஹ்ம்.

மெஷின்மேல் இருந்த லேப்டாப் திரையில் ஒரு ஃபோல்டர் முளைத்தது. 'பாப்பாவும் அப்பாவும்'. உள்ளே ஒரு கோப்பு. மூன்று. நாற்பது. நானூறு. மற்ற மூன்றுக்கும் என்ன தெரியும்? இதைப் பற்றி அவற்றுக்கு என்ன தெரியும்? அவர் வாய்விட்டே கேட்டார்.

வாசல் மணி அடித்தது.

திறக்காமல் இருந்திருக்கலாம். ஆனால் தங்கையிடம் சாவி இருந்தது.

"என்னண்ணா தரையில உக்காந்திருக்க? வேர்த்துக் கொட்டுது." அதற்குள் திரையைப் பார்த்துவிட்டாள். முகம் மலர்ந்தது; ஒரு வருடமாக யாரும் பார்க்காத மலர்ச்சி. "ஐயோ, எல்லாமே இருக்கே! நீ தெய்வம்ணா."

"தொடாத."

"ஒண்ணே ஒண்ணு பாத்துக்கறேன்."

அமுக்கினாள்.

இதே அறை. முழங்கால் உயரத்திலிருந்து, ஒரு குழிக்குள்ளிருந்து எடுத்த படம். பதினொரு மாதத்துக்கு முந்தைய அவர், பக்கவாட்டில் திரும்பி, மடியில் லேப்டாப். அவருக்குப் பின்னால் ஆஸ்பத்திரியின் பச்சை அங்கியோடு மாப்பிள்ளை. குனிந்து அவருடைய மணிக்கட்டைப் பிடிக்கிறார். விரல்கள் கைக்குள் புகுந்து மறுபக்கம் வருகின்றன. மீண்டும் பிடிக்கிறார்.

"க்ஹ்ம். மச்சான், அது என்னோடது. மச்சான். பாப்பா அதுல இருக்கா."

தங்கை திரும்பவில்லை. அடுத்த கோப்பைத் திறந்தாள். அதே அறை, அதே விநாடிகள். மாப்பிள்ளை மட்டும் அரை அடி முன்னால். அடுத்ததில் இன்னும் அரை அடி. ஏழாவதில் மாப்பிள்ளை அண்ணனை விட்டுவிட்டு நேராகக் குழியைப் பார்த்தார். பத்தாவதில் திரை முழுவதும் முகம். உதடு அசைந்தது, குரல் லேப்டாப்பிலிருந்து வரவில்லை. அண்ணனின் தொண்டையிலிருந்து வந்தது.

"பாப்பா எங்க?"

அண்ணன் இரு கையாலும் வாயைப் பொத்தினார். விரலிடுக்கில் செருமல் தொடர்ந்தது. தங்கை மெதுவாக எழுந்து, ஓரடி பின்வாங்கி, சுவரோடு நின்றாள். அவள் பார்வை அண்ணன்மீது இல்லை. முதல் கோப்பு தானாக மீண்டும் ஓடத் தொடங்கியிருந்த திரைமீது இருந்தது.

அதில், அண்ணன் மடியிலிருந்த லேப்டாப்பில், எல்லாமே நிரந்தரமாக அழியும், சம்மதமா என்று சிவப்பு எழுத்தில் கேட்ட எச்சரிக்கை முழுதாகப் பதினொரு விநாடி நின்றது. அண்ணன் அதைப் படிக்கவில்லை. பனியனில் உதிர்ந்த பிஸ்கட் தூளைத் தட்டிக்கொண்டிருந்தார்.