மொட்டைப் பொத்தையில் ஒரு மைப்படி

"பன்னிரண்டு மணி அடிப்பதற்குள் எந்த அணி புதையலோடு வருகிறதோ, அந்த அணிக்குத்தான் இடம்" என்று அறிவித்தார் காப்பாட்சியர் மகிழ்நம்பி. இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிக்க அவருக்கு நாற்பது நிமிடம் பிடித்தது. பாண்டியரில் தொடங்கி, முத்து, கப்பல், ரோமாபுரி என்று உலகத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் அருங்காட்சியக வாசலில் வெயிலில் நின்ற பிள்ளைகளிடம் திரும்பி வந்தார்.

இடம் என்றது 'இளம் தொல்லியலாளர்' பயிற்சியை. ஓர் ஆண்டு முழுக்கச் சனிக்கிழமைதோறும் அருங்காட்சியகத்தில் உடைந்த பானையை ஒட்டலாம், பழங்காசைத் துலக்கலாம், ஓலைச்சுவடியைப் பிரித்துப் பார்க்கலாம். மொத்தம் மூன்றே இடங்கள். அரசு நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்புப் படிக்கும் செல்லக்கனிக்கு அதில் ஒன்று வேண்டும். அதைத் தவிர இந்த உலகத்தில் வேறெதுவும் அன்றைக்கு அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

அவள் அணியில் இன்னும் இரண்டு பேர். பாறை ஏறுவதில் பல்லிக்கு அண்ணனான மீரான். பார்க்கிற எல்லாவற்றிலும் ஆபத்தைக் கண்டுபிடிக்கும் ஜெபா. எதிர் அணி நகரத்துப் பெரிய பள்ளியிலிருந்து வேனில் வந்திருந்தது. தலைக்குத் தொப்பி, கழுத்துக்கு விசில், ஆளுக்கொரு வாக்கிடாக்கி. இமயமலையே எதிரில் வந்திருந்தாலும் சமாளித்திருப்பார்கள். வந்தது ஊருக்கு மேற்கே நிற்கும் மொட்டைப் பொத்தை என்கிற பாறைக் குன்றுதான்.

சொற்பொழிவுக்கு நடுவே கிடைத்த கால்மணி நேரத்தில் உதவியாளர் ஸ்டெல்லா அக்கா பிள்ளைகளுக்கு மைப்படி எடுக்கச் சொல்லிக் கொடுத்திருந்தார். கல்லின் மேல் ஈரத்தாளை ஒட்டி, பிரஷால் தட்டித் தட்டி எழுத்துப் பள்ளங்களுக்குள் இறக்கி, அரைவாசி காய்ந்ததும் மை ஒற்றினால், கறுப்புத் தாளில் எழுத்துகள் வெள்ளையாக எழுந்து வரும். கண்ணுக்குத் தெரியாத எழுத்துகூட இதில் தப்பாது. ஆளுக்கு ஆள் செய்து பார்க்க நேரமில்லாததால் அணிக்கு ஒரு தாளும் ஒரு குப்பி மையும் கொடுத்து அனுப்பினார்கள். பிரஷையும் மை ஒற்றும் பந்தையும் கொடுக்கவில்லை. இரண்டிலும் பதிவெண் எழுதியாகிவிட்டதாம். பதிவெண் ஏறிய பொருள் வாசல் தாண்டக் கூடாதாம்.

புதையல் இருக்கும் இடத்தைக் குறித்துக் காப்பாட்சியர் கொடுத்த வரைபடத்தைப் பிடித்துக்கொண்டு மூவரும் குன்றுக்குக் கிளம்பினார்கள். முதல் பாறையில் ஜெபாவின் சாப்பாட்டுப் பொட்டலத்தைக் குரங்கு பறித்துக்கொண்டு போனது. இரண்டாவது பாறைக்கு மேலே தேன்கூடு தொங்கியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு அதன் அடியில் தவழ்ந்து போனார்கள். எதிர் அணியின் விசில் சத்தம் கொஞ்ச நேரம் பக்கத்தில் கேட்டது, பிறகு அடிவாரத்தில் கேட்டது, பிறகு கேட்கவேயில்லை. பத்தரைக்கு, வரைபடத்தில் பெருக்கல் குறி போட்டிருந்த குகைக்குள் மூவரும் நுழைந்தார்கள்.

குகையில் வௌவால் இருந்தது. வௌவால் போட்டது இருந்தது. புதையல் இல்லை.

இடுக்கு இடுக்காகத் துழாவினார்கள். கல்லைப் புரட்டியதில் ஒரு தேள் கோபமாக வெளியே வந்தது. அரை மணி நேரம் போனதும் மீரான் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"இங்க ஒரு மண்ணும் இல்லட்டி. எறங்கிருவோம்."

வெறுங்கையோடு இறங்கினால் சனிக்கிழமைகள் எல்லாம் தொப்பிக்காரர்களுக்குப் போய்விடும். செல்லக்கனி குகை வாசலில் போய் நின்று, அழுகையை அடக்கப் பக்கத்துப் பாறையில் கையை ஊன்றினாள். விரல் எதிலோ இறங்கியது. மழை அரித்த பள்ளமாக இருக்கும் என்று நினைத்தாள். பக்கத்திலேயே இன்னொன்று. அது வளைந்து போனது. அதற்கடுத்தது நேராக நின்றது. வளைந்தும் நிமிர்ந்தும் வரிசையாக நிற்க மழைக்குத் தெரியாது.

கண்ணுக்கு வெறும் பாறைதான். விரலுக்கு மூன்று வரி.

அவள் தண்ணீர்ப் புட்டியின் மூடியைத் திருகினாள். ஜெபா பாய்ந்து வந்தாள்.

"ஏட்டி, இருக்கதே ஒரு பாட்டில். இதையும் கல்லுல ஊத்திட்டா எறங்கும்போது நாக்கு வறண்டு செத்துருவோம்!"

"செத்தா நாளைக்குச் சாவோம். தாளைப் பிடி. ஏல மீரான், சாக்ஸைக் கழத்து."

"எதுக்கு?"

"ஒண்ணு தட்டுறதுக்கு, ஒண்ணு மை ஒத்துறதுக்கு."

மீரானின் சாக்ஸ் திங்கட்கிழமை முதல் உழைத்துக்கொண்டிருந்தது. ஜெபா மூக்கைப் பொத்திக்கொண்டு தாளின் ஒரு முனையைப் பிடித்தாள். இருப்பது ஒரே தாள். கிழிந்தால் கதை முடிந்தது. ஈரத்தாளைப் பாறையில் படியவைத்து, கையில் சாக்ஸை மாட்டிக்கொண்டு செல்லக்கனி தட்ட ஆரம்பித்தாள். காற்று மேல் முனையைத் தூக்கியது. மீரான் பாறைமேல் ஏறிக் குப்புறப் படுத்து இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டான். தாள் காய வேண்டும், ஆனால் முழுக்கக் காயக் கூடாது. மணி பதினொன்றே கால். அவள் தாளின் மேல் கன்னத்தை வைத்து வைத்து ஈரம் பார்த்தாள். பிறகு மையைத் தொட்டு ஒற்றினாள்.

கறுப்புக்குள்ளிருந்து வெள்ளையாக ஓர் எழுத்து வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இறங்கியதை இறக்கம் என்று சொல்ல முடியாது. பாதி ஓட்டம், பாதி சறுக்கல். தாளைச் சுருட்டிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு செல்லக்கனி அருங்காட்சியக வாசலை மிதித்தபோது பன்னிரண்டுக்கு மூன்று நிமிடம் இருந்தது.

உள்ளே பந்தலில் பெரிய ரகளை. தொப்பி அணி பத்தரைக்கே திரும்பி வந்து வேனில் ஏசி போட்டு உட்கார்ந்திருந்தது. வரைபடமே தப்பு என்று அவர்கள் ஆசிரியர் கத்திக்கொண்டிருந்தார். சென்னையிலிருந்து வந்த தொல்லியல் துறை இணை இயக்குநர் அம்மா விளக்கம் கேட்க, மகிழ்நம்பி வேர்த்துப்போய் அலுவலக பீரோவைத் திறந்து புதையலை எடுத்து வந்தார். சுண்ணாம்பில் செய்த செப்பேட்டு நகல். நேற்றே அதைக் குகையில் வைத்திருக்க வேண்டியது. ஆனால் அதற்கும் பதிவெண் போட்டாகிவிட்டது. வெளியே எடுத்துப்போக அனுமதி கேட்டு மூன்று கடிதம் எழுதியும் மேலிடத்திலிருந்து பதில் வரவில்லை. புதையல் பீரோவில் பத்திரமாக இருந்தது. பிள்ளைகளை மட்டும் மலைக்கு அனுப்பிவிட்டார்.

"எந்த அணியும் கண்டுபிடிக்காததால், விதிப்படி இந்த ஆண்டு இடங்கள் வழங்கப்படமாட்டா" என்று சமாளித்து முடித்தார்.

ஆனாலும் செல்லக்கனியின் கால் நடந்தது. மேடைக்குப் போய்த் தாளை மேசைமேல் விரித்தாள். இது புதையல் அல்ல, பதிவேட்டில் இல்லாத பொருள் போட்டியில் சேராது என்று மகிழ்நம்பி அதை மடிக்கப் போனார். இணை இயக்குநர் அவர் கையை விலக்கிவிட்டு மூக்குக் கண்ணாடியை மாட்டினார். பந்தல் அடங்கியது. அவர் விரலை வைத்து மெதுவாகப் படித்தார்.

"கொல்லம் தொள்ளாயிரத்து இருபத்தொன்று... மாடன் பெண்டாட்டி உலகம்மை வெட்டுவித்த சுனை... ஆடும் ஆளும் குடிக்க."

கொல்லம் ஆண்டு தெற்கத்திப் பழங்கணக்கு, நம் கணக்குக்கு ஆயிரத்து எழுநூற்று நாற்பத்தைந்து வாக்கில் வரும் என்று பிள்ளைகளுக்கு விளக்கினார். எந்த மன்னர் காலம் என்று மகிழ்நம்பி ஆவலோடு கேட்டார். மன்னர் யாரும் இல்லை, உலகம்மைதான் என்றார் அம்மா. மகிழ்நம்பியின் முகம் வாடியது.

"இந்த மலையில கல்வெட்டே கிடையாதுன்னு நாற்பது பக்கத்துக்குப் புத்தகம் போட்டிருக்கீங்களே மகிழ்நம்பி, ஏறிப் பார்த்தீங்களா?"

முழங்கால் வலி என்று அவர் சொன்னது பின்வரிசைக்குக் கேட்கவில்லை.

அப்புறம் நடந்தது ஊர்வலம். முன்னால் சாக்ஸ் இல்லாத மீரான், அவன் பின்னால் புடவையைத் தூக்கிச் செருகிய இணை இயக்குநர், கடைசியில் முழங்காலைப் பிடித்தபடி மகிழ்நம்பி. கல்வெட்டுக்கு நேர் கீழே, முள்ளும் சருகும் மூடிக்கிடந்த பள்ளத்தில் செல்லக்கனி இறங்கினாள். ஒன்றரை முழம் சருகை வாரிப் போட்டபின் கை நனைந்தது. பாறையில் உளி வெட்டிய விளிம்பு தெரிந்தது. கலங்கிய தண்ணீர் மெல்லத் தெளிந்து நின்றது. இருநூற்றெழுபது வருஷத்துக்கும் மேலாக அந்தச் சுனை தன் வேலையை யாருடைய அனுமதியும் இல்லாமல் பார்த்து வந்திருக்கிறது.

"கீழ ரெண்டாம் பாறையில தேன்கூடு இருக்கு, கத்தாதிய" என்று ஜெபா எல்லாரையும் எச்சரித்தாள்.

இணை இயக்குநர் பையிலிருந்து பயிற்சிப் படிவத்தை எடுத்தார். எழுத மேசை இல்லை. மீரானைக் குனியச் சொல்லி, அவன் முதுகில் வைத்து மூன்று பெயர்களை எழுதினார். முதல் பெயரை எழுதும்போது எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னார். செல்லக்கனி சொன்னாள். குரல் நடுங்காமல் சொன்னதாகத்தான் பின்னால் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டாள்.

தேடிப் போனது கிடைக்காத நாளிலும் மலை வெறுமையாக இருந்துவிடுவதில்லை என்பது அன்றைக்கு அவளுக்குப் புரிந்தது. அதை யாரிடமும் சொல்ல நேரமில்லை. ஊருக்குள் போய் முதலில் சொல்ல வேண்டியது வேறொன்று இருந்தது: மலைமேல் ஆடும் ஆளும் குடிக்கத் தண்ணீர் இருக்கிறது. வரிசையில் இறங்குங்கள் என்று மேலிருந்து மகிழ்நம்பி கூப்பிட்டுக்கொண்டிருக்க, மூன்று பேரும் மொட்டைப் பொத்தையின் சரிவில் கை கோத்து ஓடினார்கள்.