கருஞ்சதுப்பு ஓடக்காரர்கள்

என் ஓடக்காரர்களுக்கு யாரோ கோரைப்பல் வரைந்திருந்தார்கள்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அச்சகத்திலிருந்து கட்டு வந்தது. நாற்பது பிரதிகள். என் முதல் புத்தகம். கயிற்றை அவசரமாக அவிழ்த்தேன். மேலே இருந்ததை எடுத்துப் பார்த்தேன். ‘கருஞ்சதுப்பு அரக்கர்கள்’ என்று தலைப்பு. அதன் கீழே கோரைப்பல்லும் ரத்தம் சொட்டும் நாக்கும். அதற்கும் கீழே, ‘எழுதியவர்: வெந்துலா, வயது 11’.

நான் அப்படி எழுதவே இல்லை.

செக் நாட்டின் ஒஸ்த்ராவா நகரில், பண்பாட்டு மன்றத்தின் கீழ்த்தளத்தில் எங்கள் சங்கம் கூடும். நாங்கள் கதையையே விளையாட்டாக ஆடுகிறவர்கள். ஒருவர் ஆட்டத்தை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனாகவோ மந்திரக்காரியாகவோ மாறி, என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். செய்ய முடிந்ததா இல்லையா என்பதைப் பகடை முடிவு செய்யும்; பெரிய எண் விழுந்தால் முடிந்தது.

எல்லா ஆட்டமும் ஏழுகோட்டை நாட்டில்தான் நடக்கும். அந்த நாடு எங்கள் சொந்தக் கற்பனை. யார் வேண்டுமானாலும் அதற்கு ஒரு துணைப்புத்தகம் எழுதலாம். ஒருவர் மலைக்கோட்டையைப் பற்றி எழுதினார். இன்னொருவர் அங்கே கிடைக்கும் சீஸைப் பற்றி மட்டும் முப்பது பக்கம் எழுதினார்.

நான் கருஞ்சதுப்பை எழுதினேன். ஐந்து மாத வேலை. பள்ளிக்குப் போகும் டிராமில் பாதி, கணக்கு வகுப்பில் மீதி. என் ஓடக்காரர்கள் குள்ளமானவர்கள், பச்சை நிறத்தவர்கள், அதிகம் பேசாதவர்கள். சதுப்பில் வழி தவறியவர்களை அக்கரையில் கொண்டு போய் விடுவார்கள். யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யமாட்டார்கள்.

ராடிம் மேசைகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தான். அவனுக்குப் பதினேழு வயது. சங்கத்தின் புத்தகங்களைத் திருத்தி அச்சுக்கு அனுப்புகிறவன் அவன்தான். அவன் முன்னால் புத்தகத்தைப் பொத்தென்று போட்டேன்.

“என்ன ராடிம் இது?”

“உன் புத்தகம்தான் குட்டி. அட்டை சூப்பரா வந்திருக்கில்ல?”

“இவங்க அரக்கங்க இல்ல. ஓடக்காரங்க.”

“ஓடத்துல ஏறி அந்தப் பக்கம் போய் எறங்குறத எவன் விளையாடுவான்? தூங்கிடுவாங்க. சண்டை வேணும். கொஞ்சமா மாத்தினேன், அவ்வளவுதான்.”

கொஞ்சமாம். பதினாறு பக்கத்தில் பதினைந்து மாறியிருந்தது. அவர்கள் பேசும் பேச்சை எல்லாம் எடுத்துவிட்டு, ‘உறுமும்’ என்று ஒரே சொல்லைப் போட்டிருந்தான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா என்றேன். அட்டையில் உன் பேர்தானே இருக்கிறது, சந்தோஷப்படு என்றான். அதுதான் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. என் பெயரைப் போட்டு என் ஆட்களையே அசிங்கப்படுத்தியிருந்தான்.

அன்று சங்கத்தின் ஆண்டு விழா. மதியம் பன்னிரண்டு மணிக்கு என் புத்தகத்தின் முதல் ஆட்டம். முதல் ஆட்டத்தில் நடப்பதை எல்லாம் சங்கத்தின் வரலாற்று நோட்டில் எழுதிவிடுவார்கள். பிறகு அதுதான் ஏழுகோட்டையின் உண்மை. யார் கெஞ்சினாலும் ஒரு வரியைக்கூட அழிக்க மாட்டார்கள். இன்று என் ஓடக்காரர்களை அரக்கர்கள் என்று வெட்டிப்போட்டால், அவர்கள் காலத்துக்கும் அரக்கர்கள்தான்.

என் வகுப்பில் படிக்கும் ஓந்த்ரா ஒரு யோசனை சொன்னான். கட்டோடு தூக்கிக்கொண்டு போய் ஆற்றில் போட்டுவிடலாமாம். சொன்னதோடு நிற்காமல் கட்டைத் தூக்கவும் பார்த்தான். அது அசையவில்லை.

உண்மையைச் சொன்னால், நானும் ஒரு நிமிடம் ஆற்றைப் பற்றி யோசித்தேன். ஆனால் எங்கிருந்தெல்லாமோ ரயிலேறி விளையாட வந்திருந்தார்கள். அவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? படிக்கட்டில் உட்கார்ந்து, கோபத்தோடு பக்கங்களைப் புரட்டினேன்.

பதினான்காம் பக்கத்தில் என் கை நின்றது. ‘பையில் என்ன இருக்கிறது?’ என்ற பட்டியல். இருபது முகப் பகடையை உருட்டினால் எந்த எண் விழுகிறதோ, அந்தப் பொருள் பையில் இருக்கும். இருபது பொருளும் நான் எழுதியபடியே இருந்தன. ராடிம் அதைப் படித்துக்கூடப் பார்த்திருக்கமாட்டான். செத்தவனின் பையிலிருந்து எடுக்கும் பொருள்தானே என்று அப்படியே விட்டிருப்பான்.

நான் மறுபடி அவனிடம் போனேன்.

“ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். யார் விழுந்தாலும் அவங்க பையில என்ன இருக்குன்னு பகடை உருட்டணும். நீ அத சத்தமா வாசிக்கணும்.”

“அது விதியிலயே இருக்கே” என்று சிரித்தான்.

பன்னிரண்டு மணிக்கு ஆட்டம் தொடங்கியது. எழுதியவர் தன் புத்தகத்தின் முதல் ஆட்டத்தில் வீரராக ஆடக்கூடாது என்பதால் நான் ஓரமாக உட்கார்ந்தேன். ராடிம் நடத்தினான். ஆடியவர்களில் ஓந்த்ரா ஒருவன். அவனுக்குப் பக்கத்தில் யாரோமிர். அவர் டிராம் ஓட்டுநர். தாடி நெஞ்சு வரை இருக்கும். ஆட்டத்தில் அவர் கோடாலி வைத்திருக்கும் வடநாட்டு முரடன்.

ராடிம் மூடுபனியைச் சொன்னான், சேற்றைச் சொன்னான், உறுமிக் காட்டினான். யாரோமிர் பகடையை உருட்டினார். இருபது. ஒரே வெட்டில் என் ஓடக்காரர் ஒருவர் விழுந்தார். சுற்றி நின்றவர்கள் எல்லாம் கைதட்டினார்கள்.

“பையில என்ன தேறுதுன்னு பாப்போம்” என்று யாரோமிர் மறுபடி உருட்டினார். ஏழு விழுந்தது.

ராடிம் பதினான்காம் பக்கத்தைத் திருப்பி வாயைத் திறந்தான். திறந்த வாய் அப்படியே நின்றது.

“வாசி” என்றேன்.

“‘ஒரு குழந்தையின் கம்பளிக் காலுறை. ஒன்று பின்னி முடிந்திருக்கிறது. இன்னொன்று ஊசியிலேயே இருக்கிறது.’”

யாரும் கைதட்டவில்லை.

ஆளுக்கு இரண்டு பை உண்டு என்று அதே பக்கத்தில் இருந்ததை நான் நினைவுபடுத்தினேன். யாரோமிர் மெதுவாக உருட்டினார். பதின்மூன்று. சதுப்பில் வழி தவறியவர்களின் பெயர்கள் எழுதிய ஒரு தாள். ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் ‘வீடு சேர்ந்தார்’ என்று எழுதியிருந்தது.

யாரோமிரின் முகம் தாடி வரை சிவந்துவிட்டது. “அரக்கன்னு சொல்லித்தானடா இவன வெட்ட வெச்ச?” என்று கேட்டார். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது என்று ராடிம் முனகினான். மூடுபனியில் இரண்டாவது ஆள் வருகிறான் என்று அவசரமாக ஆட்டத்தை நகர்த்தப் பார்த்தான்.

“நான் கோடாலிய கீழ வெச்சிட்டேன். அவன்கிட்ட பேசுறேன். அவன் என்ன சொல்றான்?” என்றார் யாரோமிர்.

ராடிம் பக்கங்களைப் புரட்டினான். முன்னாலும் பின்னாலும் புரட்டினான். எல்லா இடத்திலும் ‘உறுமும்’ என்றுதான் இருந்தது. கடைசியில் என்னைப் பார்த்தான்.

அவன் நன்றாக விழிக்கட்டும் என்றுதான் முதலில் தோன்றியது. பத்து வரை எண்ணும் நேரம் சும்மா இருந்தேன். ஆனால் என் ஓடக்காரன் பனியில் நின்றுகொண்டிருந்தான். வெட்டப்போகிறார்களா, பேசப்போகிறார்களா என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தான்.

“எந்திரி ராடிம். அவர் என்ன சொல்றார்னு நான் சொல்றேன்.”

அவன் எழுந்து நாற்காலியை எனக்கு விட்டான்.

அதற்குப் பிறகு நான்தான் நடத்தினேன். காலுறை யாருக்கு என்று யாரோமிர் கேட்டார். செத்துப்போனவரின் மகளுக்கு, நாலு வயது, அக்கரையில் இருக்கிறாள் என்றேன். மீதிக் காலுறையைத் தன் முரடன் பின்னுவான் என்று சொல்லிவிட்டார் அவர். முரடன் பின்னுவதற்கு விதி எதுவும் இல்லை. கைத்திறனுக்குப் பகடை உருட்டட்டும் என்று முடிவு செய்தோம். முரடனுக்கு இருப்பதிலேயே குறைவு அதுதான். இரண்டு விழுந்தது. பிறகு ஐந்து. பிறகு மூன்று. ஓந்த்ராவின் மந்திரக்காரி நூல்கண்டைப் பிடித்துக்கொண்டாள். நான்காவது முறை பதினெட்டு விழுந்தபோது எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

இதற்கு நடுவே ராடிம் அந்தக் கட்டை இழுத்துக்கொண்டு போய் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தான். யாரும் சொல்லாமலே, ஒவ்வோர் அட்டையிலும் ‘அரக்கர்கள்’ என்பதை அடித்துவிட்டு ‘ஓடக்காரர்கள்’ என்று எழுதினான். கோரைப்பல்லை அழிக்க முடியாததால் அதன் மேல் மீசை வரைந்தான். ஆனால் அந்த முதல் வெட்டு நோட்டில் ஏறிவிட்டது. அதற்கு மீசை வரைய முடியாது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

ஓடம் அக்கரை சேர்ந்தது. நான் அந்தச் சின்னப் பெண்ணாகப் பேசினேன். முரடன் காலுறையை நீட்டினான்.

“இது எங்கப்பா பின்னினது இல்லியே?”

யாரோமிர் தாடியைத் தடவினார்.

“இல்லம்மா. நான் பின்னினது. உங்கப்பாவ வெட்டினது நான்தான். அரக்கன்னு சொன்னாங்க. நான் ஒரு வார்த்தை கேக்காம வெட்டிட்டேன்.”

பரவாயில்லை என்று நான் சொல்லவில்லை. ஏனென்றால் அது பரவாயில்லை என்று விடக்கூடிய விஷயம் இல்லை. அந்தப் பெண் காலுறையை வாங்கிப் போட்டுப் பார்த்தாள் என்றேன்.

“ரொம்பப் பெருசா இருக்கு.”

“நீ வளந்ததும் சரியா இருக்கும்” என்றார் யாரோமிர். “அதுவரைக்கும் வேற வேற பின்னித் தர்றேன்.”