காவல்காரனின் உயிர்

காலி நாற்காலியிலிருந்து மூச்சுச் சத்தம் கேட்டது. கரண்ட் போய் நேரமாகியிருந்தது, மின்விசிறியின் சத்தமில்லை. ஐப்பசி மழை இருட்டிக்கொண்டு வந்த அந்த ஞாயிறு மதியம், திருக்கோகர்ணத்து வீட்டின் முன்னறையில், மருந்தும் ரத்தமும் கலந்த வாடை மேசையைச் சுற்றி மெல்லப் பரவுவதை அருணா உணர்ந்தாள். கீரனூர் சாலையில் லாரி மோதி, ஆஸ்பத்திரியில் கிடந்த கணவன் கோபிநாத்திடம் அவள் கடைசியாக முகர்ந்த வாடை அது. "வீட்டுக்குக் கொண்டுபோயிருங்கம்மா" என்று டாக்டர் சொன்னதும் கையெழுத்துப் போட்டவள் அவள்தான். வாயிலிருந்த குழாயை எடுத்ததும் மூச்சு நின்றது.

முன்பெல்லாம் ஞாயிறுதோறும் அவர்கள் இருவரும் கோபிநாத்தின் தங்கை மணிமேகலையும் இந்த மேசையில் விளையாடுவார்கள். ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் அதற்குள் ஆளாகிப் பேச வேண்டும். ஆபத்து வந்தால் பகடை உருட்டுவார்கள். ஒன்று விழுந்தால் சாவு. கோபிநாத் நடத்தினால் எல்லோர் கண்ணெதிரிலும் உருட்டுவான், விழுந்தது விழுந்ததுதான். அருணாவோ காலண்டர் அட்டைக்குப் பின்னால் உருட்டி, எண்ணை மாற்றிச் சொல்லி, எல்லோரையும் பிழைக்கவைத்துவிடுவாள்.

"நீ கதை நடத்துறியா, ரேஷன்ல உசுரு போடுறியா?" என்று கோபிநாத் கேலி செய்வான்.

அவன் போனபோது, கதையில் அவன் ஏற்றிருந்த காவல்காரன் கோட்டை வாசலில் வெட்டுப்பட்டுக் கிடந்தான். காரியம் முடிந்து பெண்கள் இருவரும் மறுபடி உட்கார்ந்தார்கள். அட்டைக்குப் பின்னால் பகடையை உருட்டி, "காவல்காரன் சாகல" என்று அருணா சொன்னதும் கோபிநாத்தின் காலி நாற்காலி கிறீச்சிட்டது. பிறகு ஒவ்வொரு வாரமும் அதையே சொன்னாள். முதலில் வாடை வந்தது. அப்புறம் மூச்சு. இழுத்து இழுத்து, வலியோடு. இன்றும் மணிமேகலை எதிரே உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, அண்ணனுக்கு வலிக்குது. ஒங்களுக்குக் கேக்கலையா? விட்ருங்க."

"விட்டா போயிருவாரு மணி."

நாற்காலிப் பக்கமிருந்து வெளிறிய விரல்கள் மேசைமேல் ஊர்ந்து வந்தன. நகக்கண்ணில் தார். காலண்டர் அட்டையைத் தள்ளின. அது சாய்ந்தது.

மறைப்பு இல்லை. அருணா பகடையை எடுத்தாள். உருட்டினாள்.

ஒன்று.

மூச்சு நின்றது. விரல்கள் தளர்ந்தன. அறை முழுக்க அப்படி ஓர் அமைதி. மணிமேகலை கையெடுத்துக் கும்பிட்டு அழுதாள்.

அருணாவால் தாங்க முடியவில்லை. இன்னொரு தடவையா? மறுபடியும் என் கையாலேயா?

"கதை நடத்துறவ நான்" என்றாள். பகடையைப் புரட்டி வைத்தாள். "ஆறு."

"வேணாம் அண்ணி!"

நாற்காலி அதிர்ந்தது. மூச்சு கிழிந்துகொண்டு திரும்பியது. மணிமேகலை அலறியபடி தெருவுக்கு ஓடினாள்.

கட்டுப்போட்ட தலை மெல்ல நிமிர்ந்தது. கண்கள் திறந்தன. கோபமே இல்லை அவற்றில். கெஞ்சின.

அருணா துப்பட்டாவால் அவன் கன்னத்துக் கண்ணீரைத் துடைத்தாள்.

"சொல்லுங்க, இப்ப என்ன செய்யப்போறீங்க?"

குழாய் செருகிய வாய் அசைந்தது. அவள் பகடையைக் கையில் எடுத்துக்கொண்டு காத்திருந்தாள்.