கடைக்காரிக்கு என்ன கொடுப்பது?

டிசம்பர் இருபத்து நான்காம் திகதி, கிறிஸ்மஸுக்கு முதல்நாள் முற்பகல். கற்பிட்டிக் கடைத்தெருவில் மழை நூல் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. மெரினாவின் பெண்கள் சலூனில் மூவர் தத்தம் முறைக்காகக் காத்திருந்தனர். கதிரையிலிருந்து எழுந்த அனுஷ்கா, புதிதாக வெட்டப்பட்ட தன் கூந்தலைக் கண்ணாடியில் இடமும் வலமுமாகப் பார்த்து மகிழ்ந்தாள். வாசலில் குடையுடன் நின்ற அவளுடைய அண்ணன் ஜெயந்தன் உள்ளே வந்து, கேட்ட தொகையைப் போல் இரு மடங்கை மெரினாவின் கையில் வைத்தான்.

"மிச்சத்த நீங்களே வச்சுக்கொள்ளுங்க. நத்தார் டிப்ஸ்."

மெரினா நிமிர்ந்தாள். கரிய விழிகள்... காற்று எழுவதற்கு முந்திய களப்பு நீரைப் போல அமைதியானவை. அந்த அமைதிதான் அவனைக் கலங்கச் செய்தது.

"டிப்ஸ் வேலை செய்யிற ஆக்களுக்குக் குடுக்கிறது. இது என்ட கடை."

"ஓ... தெரியாமப் போச்சு. ஃபோன்ல பாத்தன். பண்டிகைக்கு முடி வெட்டினா, வெட்டுக்கூலி எவ்வளவோ அவ்வளவ மேலால குடுக்கிறதுதான் மரியாதை எண்டு இருந்திச்சு."

"கடைக்காரிக்கும் குடுக்கச் சொல்லி இருந்திச்சா?"

அவன் கோபப்படுவான் என்று அவள் எதிர்பார்த்தாள். அவனோ கைபேசியை எடுத்தான்.

"கொஞ்சம் இருங்க... பாக்கிறன்."

காத்திருந்த பெண்கள் சிரிப்பை அடக்க முந்தானையால் வாயை மூடிக்கொண்டனர். அவன் பரீட்சைக்குப் படிப்பவனைப் போல் புருவம் சுருக்கி வாசித்தான்.

"ரெண்டு விதமாச் சொல்லுறாங்க. முதலாளிக்குக் குடுக்கத் தேவையில்ல எண்டு கொஞ்சப் பேர். குடுத்தாலும் பிழையில்ல எண்டு கொஞ்சப் பேர். நீங்க எந்தப் பக்கம்?"

"நான் கதவுப் பக்கம். சாரல் அடிக்குது, சாத்திட்டுப் போங்க."

மெரினா மேலதிகக் காசுத் தாள்களை அனுஷ்காவின் கைப்பைக்குள் திணித்தாள்.

"அண்ணா, மானம் போகுது. வாங்க," என்று அவள் அவனை இழுத்துச் சென்றாள்.

அடுத்தவளின் நெற்றி முடியைச் சீராக்கும்போதும் மெரினாவின் மனம் கதவருகிலேயே நின்றது. மறுக்கப்பட்டபின் முகம் சிவக்காத ஓர் ஆண்... சரி எது என்று தேடி வாசித்த ஓர் ஆண்... யார் இவன்?

ஜெயந்தனும் நிம்மதி இழந்தான். சிலாபத்தில் படகு இயந்திரங்கள் திருத்தும் பட்டறை ஒன்றின் உரிமையாளன் அவன். நத்தாருக்காக வீட்டுக்கு வந்திருந்தான். தன் கையில் எவரேனும் இவ்வாறு காசைத் திணித்தால் தான் எவ்வாறு உணர்வான்? தங்கையை வீட்டில் விட்டவன், மெரினாவின் கடைக்கு அடுத்திருந்த ஆண்கள் சலூனுக்குச் சென்று, சவரக்கத்தி தீட்டிக்கொண்டிருந்த, ஊரார் மரியாதையாக 'நானா' என்றழைக்கும் செய்னுலாப்தீனிடமே கேட்டுவிட்டான்.

"நானா, பெருநாளைக்கு உங்களுக்கு டிப்ஸ் தந்தா வாங்குவீங்களா?"

"என்ட கையாளுக்குக் குடுங்க மகன், கண்ணில ஒத்திக்குவான். எனக்குக் குடுத்தா நான் கூலிக்காரன் எண்டு சொன்ன மாதிரி. எனக்கு நத்தாருக்குக் கேக் வரும், நான் பெருநாளைக்கு வட்டிலப்பம் அனுப்புவன்." குரலைத் தாழ்த்தினார். "அதுவும் பக்கத்துக் கடைப் புள்ளக்கு... கடை தொறந்து மூணு மாசம். கண்டவங்கட தலையில கை வைக்கிறதா தொழில் எண்டு தகப்பன் கதைக்கிறதே இல்ல. நத்தாருக்கு வந்தாச் சரி, வராட்டிக் கடையோடயே இருக்கட்டும் எண்டு களப்புக்கு அங்கால உச்சமுனையில இருந்து சொல்லி அனுப்பியிருக்கார். அஞ்சு மணிப் படகத் தவற விட்டா வேற படகு இல்ல. கடையப் பாத்தீங்களா, எவ்வளவு கூட்டம்?"

அவர் அஞ்சியவாறே நிகழ்ந்தது. கடைசியாக வந்த பெண்ணைத் திருப்பி அனுப்ப மெரினாவுக்கு மனம் வரவில்லை. கதவைப் பூட்டிவிட்டு மழையில் துறைக்கு ஓடியபோது, பயணிகள் படகு களப்பின் நடுவே சிறு புள்ளியாகத் தேய்ந்துகொண்டிருந்தது. கண்கள் நிறைந்தன... அப்பா இனி ஒருபோதும் பேசமாட்டார்.

"அக்கா, ஏறுங்க."

சிறிய படகொன்றில் அனுஷ்கா அமர்ந்திருந்தாள். கூந்தலின் மேல் ஒரு பொலித்தீன் பை. பின்னால் ஜெயந்தன் தேங்கிய மழைநீரை இறைத்துக்கொண்டிருந்தான்.

"ஒரு மணித்தியாலமா இந்தப் பையோட இருக்கிறன். இதுக்கு எனக்குத்தான் டிப்ஸ் தரணும்," என்றாள் அனுஷ்கா.

மெரினா அசையவில்லை. "ஆரு சொன்ன உங்களுக்கு?"

"செய்னுலாப்தீன் நானா," என்றான் ஜெயந்தன்.

"எவ்வளவு எடுப்பீங்க?"

"காசு வேணாம்."

"காலையில வாங்கல்ல எண்டு இப்ப வேற விதமா டிப்ஸ் குடுக்கிறீங்க. அப்பிடித்தானே?"

அவன் வாளியைக் கீழே வைத்தான். மழைத்துளிகள் அவன் இமைகளில் தொங்கின.

"இல்ல... டிப்ஸ் எண்டா குடுத்திட்டுப் போயிரலாம். எனக்குப் போக முடியல்ல."

அவன் நீட்டிய கையைப் பற்றாது, தானாகவே ஏறி அமர்ந்தாள். ஆயினும் வழி நெடுகிலும் அவள் பார்வை கரையை நோக்கவில்லை. அவன் இயந்திரத்தை இயக்கிய படகின் பின்புறத்தையே நோக்கிற்று.

உச்சமுனைக் கரையில் மெரினாவின் தந்தை அல்பிரட் நனைந்தபடி நின்றிருந்தார். பயணிகள் படகில் மகளைக் காணாமலும் வீட்டுக்குத் திரும்ப இயலாமலும் நின்றவர், இப்போது மகளைக் கண்டதும் முகத்தைத் திருப்ப முயன்று தோற்றார். அனுஷ்கா பையைக் கழற்றினாள். காற்று கூந்தலை அள்ளிச் சிதறடித்தது. மறுகணம் அது வெட்டிய வடிவம் குலையாமல் தோளில் வந்து விழுந்தது. அவர் அதை வியப்புடன் பார்த்தார்.

"இது ஆரு வெட்டின?"

"நான்தான் அப்பா."

"நல்லா இருக்கு," என்றார். மூன்று மாதங்களின் பின் மகளிடம் அவர் நேரடியாகப் பேசிய முதற் சொற்கள். பிறகு அவர் பார்வை கயிற்றுடன் குனிந்திருந்தவன்மீது திரும்பியது. "இவரு ஆரு?"

மெரினா தலை கவிழ்ந்தாள். நனைந்த கன்னங்கள் சிவந்தன.

"இன்னும் சரியாத் தெரியாது அப்பா... தெரிஞ்சுகொள்ள ஆசையா இருக்கு."

ஜெயந்தனின் விரல்கள் முடிச்சைப் பாதியில் மறந்தன. அல்பிரட் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கயித்த இறுக்கிக் கட்டுங்க தம்பி. தேத்தண்ணி குடிச்சு முடிய நேரமாகும்."