கூடுதலாக இரண்டு மணி பதினோரு நிமிடம்

கல்யாண வீடியோவின் நீளம் இரண்டு மணி ஆறு நிமிடம். ஸ்டூடியோக்காரர் கொடுத்த நாளிலிருந்து அதை மூன்று முறை நகல் எடுத்தவன் வின்ஸ்டன், அவனுக்குத் தெரியாதா? ஆனால் லேப்டாப்பில் ஃபைலைத் திறந்ததும், கீழ்க்கோட்டின் ஓரத்தில் நான்கு மணி பதினேழு நிமிடம் என்று நின்றது. மூடிவிட்டு மறுபடி திறந்தான். அதே நான்கு பதினேழு.

"என்னங்க மாப்பிள்ளை, ஓடலீங்களா?" என்று சோபாவிலிருந்து சூசைமேரி கேட்டார்.

"ஓடுமுங்க அத்தை. வயரச் சொருகிட்டு இருக்கறேன்."

சூசைமேரியின் மகள் லின்சி இறந்து அன்றோடு ஒரு வருடம். காலையில் பங்குக் கோவிலில் நினைவுத் திருப்பலி, கல்லறையில் மெழுகுவர்த்தி, பிறகு வீட்டில் சாப்பாடு என்று எல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிவிட்டார்கள். மாமியார் மட்டும் பெருந்துறைக்கு ஆறு மணி பஸ்ஸில் போவதாக இருந்தார். போன மாதம்தான் அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை நீக்கியிருந்தார்கள்.

"ஆப்ரேசன் பண்ணிப்போட்டேனுங்க. இப்ப எதுத்த ஊட்டுக் கொடியில காயற சேலையில பூப்போட்டது கூடத் தெரியுது. பொறப்படறதுக்குள்ள என்ற புள்ளையோட கல்யாணத்த ஒருக்கா தெளிவாப் பாத்துக்கறேன், போடுங்க" என்று சாப்பிட்டுக் கை கழுவும்போதே கேட்டுவிட்டார். ஒரு வருடமாக மனைவியை இழந்து நொந்தவனாக நடமாடுகிறவன் அதற்கு எப்படி மாட்டேன் என்பான்? பென்டிரைவை நேராக டிவியில் சொருகிப் பார்த்தான்; இந்த ஃபைலை இயக்க முடியாது என்று எழுத்து வந்தது. அதனால் லேப்டாப்பைக் கொண்டுவந்து எச்டிஎம்ஐ வயரால் டிவியோடு இணைத்தான். பீளமேட்டு ஆபீசில் வேலை போன பிறகு அவன் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் இப்படி வயர் மாட்டிப் படம் போடுவதுதான். லின்சி நர்ஸ் வேலைக்குப் போய்ச் சம்பாதிக்க, இவன் ஜன்னல் திரையை இழுத்துவிட்டுப் பகலெல்லாம் படம் பார்த்துக் கிடந்தான்.

அன்றும் திரையை இழுத்துவிட்டிருந்தான். மத்தியான வெயில் துணியில் பட்டுக் கூடம் முழுக்கப் பழுப்பாக இருந்தது, பந்தி போட்ட பிரியாணி வாசனை இன்னும் போகாமல் மெழுகுவர்த்திப் புகையோடு கலந்து நின்றது, ஃபேன் ஒவ்வொரு சுற்றுக்கும் கட்டக்கென்று ஒரு சத்தம் போட்டது, அதற்கு நடுவில் அவன் மனசு தானாகவே கழித்துப் பார்த்தது. நான்கு பதினேழில் இரண்டு ஆறு போனால் இரண்டு மணி பதினோரு நிமிடம்.

அந்த நேரம் அவனுக்குப் பழக்கமானது. போன வருடம் இதே தேதியில் அவன் பார்த்த படத்தின் நீளம் அது.

சிறுவாணித் தண்ணீர் அந்தத் தெருவுக்குப் பத்து நாளைக்கு ஒருமுறைதான் வரும். வருவதற்கு முன்னால் வீட்டுக்குப் பின்னால் பொடக்காலியில் இருக்கும் தரையடித் தொட்டியைத் தேய்த்துக் கழுவுவது லின்சியின் வழக்கம். ஆளுயரத்துக்கு மேல் ஆழம்; அலுமினிய ஏணியை இறக்கி, பிளீச்சிங் பவுடரும் பிரஷுமாக உள்ளே இறங்குவாள். கனடாவில் ஒரு ஆஸ்பத்திரி அவளுக்கு வேலை கொடுத்த கடிதம் அன்று காலையில்தான் வந்திருந்தது. "நா முன்னால போறேனுங்க. ஆறு மாசத்துல உங்களையும் கூட்டிக்கறேன்" என்று சிரித்துக்கொண்டே இறங்கினாள். அந்தச் சிரிப்பு அவனுக்குத் தாங்கவில்லை. பெண்டாட்டி கூட்டிப்போகிற சாமானா நான் என்று உடம்பெல்லாம் எரிந்தது. ஏணியை மேலே இழுத்தான். பத்து நிமிடம் கிடக்கட்டும், திமிர் இறங்கட்டும் என்று நினைத்தான். குழாயில் முதலில் காற்று உஸ்ஸென்று வந்து, பிறகு தண்ணீர் விழ ஆரம்பித்தது. இரும்பு மூடியை இழுத்துத் தாழ்ப்பாளைப் போட்டான். பத்து நிமிடம் என்பது பொய் என்று தாழ்ப்பாளைப் போடும்போதே அவனுக்குத் தெரியும்.

"ஏனுங்க... ஏனுங்க..." என்று கூப்பிட்டாள். அவள் ஒருநாளும் அவன் பெயரைச் சொன்னதில்லை. கூடத்துக்கு வந்து படத்தைப் போட்டான். டிவியின் ஒலி இருபத்திரண்டில் இருந்தது. முப்பது வைத்தான். தண்ணீர் ஏற ஏற அவளும் மேலே வந்து மூடியைத் தட்டினாள். நாற்பத்தெட்டு வைத்தான். படம் முடிந்ததும் எழுந்து போய்த் தாழ்ப்பாளை நீக்கி, மூடியைத் திறந்துபோட்டு, ஏணியை மாடிப்படிக்கு அடியில் சாத்திவிட்டுத்தான் அலறினான். தண்ணீர் நிறைந்துவிட்டதா என்று எட்டிப் பார்த்தவள் வழுக்கி விழுந்துவிட்டாள் என்றான். முழுப் பூசணிக்காய் சோற்றில் அழகாக மறைந்துவிட்டது.

"மாப்பிள்ளை, தாலி கட்டறதும் கடைசியில அவ வண்டி ஏறறதும் இருந்தாப் போதுமுங்க. பஸ்ஸுக்கு நேரமாயிரும்."

நல்லதாகப் போயிற்று. அதை மட்டும் காட்டிவிட்டு, இரண்டு மணி ஆறாவது நிமிடம் வருவதற்குள் நிறுத்திவிடலாம். அதற்குப் பிறகு என்ன இருக்கிறதோ, மாமியார் போன பிறகு தனியாகப் பார்த்து அழித்துவிடலாம்.

படம் துல்லியமாக ஓடியது. பீடத்தின் முன் வெள்ளைச் சேலையில் லின்சி நின்றாள். மூக்கின் மேல் பூத்த வியர்வை கூடத் தெரிந்தது. சாமியார் மந்திரித்த தாலியை வின்ஸ்டன் கட்டினான், பாடகர் குழு பாடியது. சூசைமேரி ஜெபமாலையை விரலில் சுற்றிக்கொண்டு, "என்ற கண்ணு, என்ற கண்ணு" என்று முனகினார். பாட்டுக்கு அடியில் வேறொரு சத்தம் இருந்தது. உஸ்ஸென்று. மெல்லிசாக. குழாயில் காற்று வருகிற சத்தம். ஆனால் தண்ணீர் மூன்று நாளைக்கு முன்புதான் வந்து போனது. இன்று முறை கிடையாது. வின்ஸ்டன் சமையலறைப் பக்கம் காதைத் தீட்டினான். சத்தம் டிவியிலிருந்துதான் வந்தது.

ஒரு மணி ஐம்பத்தெட்டாவது நிமிடத்துக்குத் தள்ளினான். அழுகை, முத்தம், பூ ஒட்டிய கார். காரின் கண்ணாடி இறங்கியது. இரண்டு மணி ஐந்து நிமிடம். வின்ஸ்டன் நிறுத்துகிற பொத்தானை அழுத்தினான்.

நிற்கவில்லை.

கார் ஜன்னலில் லின்சி திரும்பிப் பார்த்தாள். அது ஃபைலில் கிடையாது. அவள் திரும்பாமலே போனாள் என்று ஸ்டூடியோக்காரர் அன்றே குறைப்பட்டுக்கொண்டார். திரும்பி, கேமராவைத் தாண்டி, வின்ஸ்டன் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தாள். முடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. பிறகு திரை கறுத்தது.

"முடிஞ்சுதுங்க அத்தை. கெளம்பலாமுங்களா?" அவன் குரல் அவனுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

"இல்லீங்க, ஓடிட்டிருக்குது. அதா, மேல வெளிச்சம் தெரியுது பாருங்க."

கறுப்புக்கு நடுவில், உயரத்தில், ஒரு சதுர வெளிச்சம். சுற்றிலும் ஈரமான சிமென்ட் சுவர். பிளீச்சிங் பவுடர் வாசனை கூடத்துக்குள் குப்பென்று வந்து வின்ஸ்டனின் தொண்டையைப் பிடித்தது. வயரைப் பிடுங்கினான். பிடுங்கிய முனை கையில் இருந்தது; படம் ஓடியது. லேப்டாப்பை அறைந்து மூடினான். சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தான். படம் ஓடியது.

சதுரத்தின் வழியாக ஓர் ஏணி மேலே போனது. முதல் படி. நடுப்படி. ஏணியின் கால்கள். போய்விட்டது.

"ஏணிய ஆரோ எடுக்கறாங்க" என்றார் சூசைமேரி. அவர் சோபாவின் நுனிக்கு வந்திருந்தார். சதுரத்துக்குள் ஒரு தலை நீண்டது. வெளிச்சத்துக்கு எதிரே இருந்ததால் முகம் இருட்டாக இருந்தது. "அதாருங்க மாப்பிள்ளை?"

"தெரியலீங்க அத்தை."

ரிமோட் மேசைமேல் கிடந்தது. யாரும் தொடவில்லை. திரையின் கீழே ஒலிப் பட்டை வந்தது. இருபத்திரண்டு. முப்பது. நாற்பத்தெட்டு. சதுரம் மூடிக்கொண்டது. தட்டும் சத்தம். இரும்பில் உள்ளங்கை. மறுபடி. மறுபடி.

கேமரா. அந்த நினைப்பு அவன் மூளையில் பளிச்சென்று வந்தது. யாரோ தொட்டிக்குள் கேமரா வைத்திருக்கிறார்கள். யாரோ எடுத்து, வெட்டி ஒட்டி, இந்த ஃபைலில் சேர்த்திருக்கிறார்கள். அவனைப் பிடிக்க, அவனைத் தூக்கில் போட. அதைக் கண்டுபிடித்து உடைத்துவிட்டால் தப்பிக்கலாம். குற்றமுள்ள நெஞ்சு எதைத்தான் நம்பாது? சமையலறை வழியாகப் பொடக்காலிக்கு ஓடினான்.

தொட்டி திறந்திருந்தது. ஒரு வருடமாக அவன் தாழ்ப்பாளை நீக்கியதே இல்லை. தண்ணீர் மேலே ஏற்ற மோட்டார் சுவிட்சைப் போடுவதோடு சரி. குழாயிலிருந்து தண்ணீர் உள்ளே விழுந்துகொண்டிருந்தது. மண்டியிட்டு எட்டிப் பார்த்தான். கேமரா இல்லை.

கீழே, கறுத்த தண்ணீருக்குள், அவன் வீட்டுக் கூடம் தெரிந்தது. ஜன்னல் திரை. சோபா. சோபாவில் சூசைமேரி. நிமிர்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கூடத்திலிருந்து அவர் குரல் வந்தது, நிதானமாக.

"இப்பத் தெளிவாத் தெரியுதுங்க மாப்பிள்ளை."

தண்ணீருக்குள்ளிருந்து ஒரு கை வந்தது. ஊறி வெளுத்த விரல்கள். கல்யாணத்தில் அவன் போட்ட மோதிரம். சட்டைக் காலரைப் பிடித்தது.

விழுந்தான்.

மூழ்கி எழுந்தான். தண்ணீர் நெஞ்சளவு. சுவரெல்லாம் பாசி, பிடிக்க ஒன்றுமில்லை. எகிறினான், விளிம்பு எட்டவில்லை. ஏணி மாடிப்படிக்கு அடியில். அவன் சாத்திய இடத்திலேயே.

"அத்தை! ஏணி! அத்தை!"

செருப்புச் சத்தம் சமையலறையைத் தாண்டி வந்தது. கடவுளே, வந்துவிட்டார். சதுரத்துக்குள் சூசைமேரியின் தலை நீண்டது. அவர் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"இப்படித்தான் கூப்பிட்டாளுங்களா?"

"அத்தை, தூக்குங்க அத்தை... சொல்றேன்... எல்லாத்தையும் சொல்லிப்போடறேனுங்க..."

"வேண்டாமுங்க. பாத்துட்டேன்."

மூடியின் விளிம்பில் ஒரு கை பட்டது. சுருங்கிய கை, விரலில் ஜெபமாலை. அதன் பக்கத்தில் இன்னொரு கை. அதிலிருந்து தண்ணீர் சொட்டியது. இரண்டும் சேர்ந்து தள்ளின. சதுரம் கோடானது. கோடும் போனது.

தாழ்ப்பாள்.

செருப்புச் சத்தம் உள்ளே போயிற்று. கூடத்தில் பாடகர் குழு பாடியது. ஒலி ஒரு படி ஏறியது. இன்னொரு படி. இன்னொரு படி. அவன் அலறியது அவனுக்கே கேட்கவில்லை.

தண்ணீர் கழுத்துக்கு வந்தது. இருட்டில், அவன் காதோரத்தில், யாரோ மூச்சு வாங்கினார்கள். ஈரக் கன்னமொன்று அவன் கன்னத்தோடு ஒட்டிக்கொண்டது.

"ஏனுங்க..."