நரேஷை ஏன் கைவிட்டான்?

சம்பிகே ரோட்டில் திடீர் மழை. ஒதுங்கி நின்ற பஸ் ஸ்டாப்பில் தன் அண்ணனையே ஒருவன் பார்த்துக்கொண்டிருப்பதைத் தாரணி கவனித்துவிட்டாள்.

அண்ணன் நரேஷுக்கு முப்பது வயது. பேச்சும் புரிதலும் நிதானமாகத்தான் வரும். வேடிக்கை பார்ப்பவர்களைத் தாரணிக்குப் பிடிக்காது.

"என்ன பாக்கறீங்க?"

"சாரிங்க... இவர் வேலை பழக வர்ற சென்டர்ல புதுசா சேர்ந்திருக்கேன். இனி இவரப் பாத்துக்கப் போற கோஆர்டினேட்டர். பேரு பாலகுமார்."

"ஓ... அண்ணன என்ன வேலைல போடப் போறீங்க?"

"ட்ரெயினிங் முடியற வரைக்கும் குடும்பத்துக்கிட்ட நான் எதுவும் சொல்லக் கூடாதுங்க..."

எதையோ மறைக்கிறான். மழைத்துளி தங்கிய கண்கள் அழகாக வேறு இருந்தன... அதனாலேயே நம்பக் கூடாது. போன கோஆர்டினேட்டர் ட்ரெயினிங் எதுவும் இல்லாமல் வந்து, நரேஷைக் கேட்காமலே தோட்ட வேலையிலிருந்து மெழுகுவத்தி செய்ய மாற்றிவிட்டார். நரேஷ் சாப்பாட்டையே தொடவில்லை.

தினமும் அண்ணனைச் சென்டரில் கொண்டுவந்து விடும்போது அவள் பாலகுமாரைத் துருவினாள்.

"வாய மூடிக்கிட்டு இருக்கத்தான் ட்ரெயினிங்கா?"

"அதுக்கும் ஒரு கிளாஸ் இருக்குங்க."

சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

ட்ரெயினிங் முடிந்தது. நரேஷ் பதில் சொல்லும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்து, என்ன வேலை வேண்டும் என்று அவனிடமே கேட்டான் பாலகுமார். நரேஷ் மறுபடி தோட்டத்துக்குப் போனான். தாரணி இப்போதெல்லாம் கண்ணாடி முன் கொஞ்சம் கூடுதலாக நின்றாள்... அதில் அவளுக்கே தன்மேல் சந்தேகம்.

அப்போதுதான் மௌரீன் என்ற இன்னொரு கோஆர்டினேட்டர் போன் செய்தாள். "நரேஷ் இனிமே என் பொறுப்பு. பாலகுமாரே கேட்டு மாத்திக்கிட்டார்."

நினைத்தது சரிதான். இவனும் கைவிட்டுவிட்டான். மாலை அண்ணனை அழைக்கப் போனபோது மழையில் நனைந்தபடியே பாலகுமார் முன் நின்றாள்.

"எங்க அண்ணன் பாரமாயிட்டாரா?"

"இல்லீங்க..."

"பின்ன ஏன்?"

அவன் தரையைப் பார்த்தான். "யாருக்கு கோஆர்டினேட்டரோ, அவங்க வீட்டு ஆள விரும்பக் கூடாதுன்னு ட்ரெயினிங்ல சொன்னாங்க. அவர் என் பொறுப்புல இருக்கறவரைக்கும் உங்ககிட்ட இதச் சொல்ல முடியாது... உங்கள எனக்குப் பிடிச்சிருக்கு, தாரணி."

தாரணி அத்துடன் விடவில்லை.

"அண்ணன்கிட்ட கேட்டுத்தான் மாத்துனீங்களா?"

"அவர்கிட்டதான் மொதல்ல கேட்டேன்."

தாரணி திரும்பினாள். நரேஷ் சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே, நிதானமாகச் சொன்னான்.

"போகாதன்னு சொன்னேன்... அப்புறம், வீட்டுக்கு வான்னு சொன்னேன்."

தாரணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஞாயித்துக்கிழமை வாங்க. அண்ணனே கூப்பிட்டுட்டார்... நீங்க வரணும்னு எனக்கும் ஆசை."