பெரிய கேம், பெரிய குழாய்

புதுக்காங்கேயத்தில் தூங்கி எழுந்ததும் எல்லோரும் செய்கிற முதல் வேலை, சுவரில் உள்ள முள்ளைப் பார்ப்பது. அன்றைக்கு எவ்வளவு மூச்சு விடலாம் என்பதை அது காட்டும். முள் பச்சையில் நின்றால் பிள்ளைகள் ஓடி விளையாடலாம். மஞ்சளில் நின்றால் உட்கார்ந்து விளையாட வேண்டும். சிவப்பில் நின்றால் பள்ளிக்கூடத்தில் பாட்டு வகுப்பு கிடையாது. சனிக்கோளின் பெரிய நிலவான டைட்டனில் மூன்று தலைமுறைகளாக அப்படித்தான் நடக்கிறது. யாரும் அதை ஒரு குறையாகச் சொல்வதில்லை.

அங்கே எரிபொருளுக்குப் பஞ்சமில்லை. வெளியே வீசும் காற்றிலேயே மீத்தேன் கலந்திருக்கிறது. ஆக்சிஜன்தான் கிடையாது. பாறையாகக் கிடக்கும் பனியை உருக்கி, மின்சாரத்தால் பிரித்து அதை எடுக்க வேண்டும். அதனால் டைட்டனில் ஓடும் வண்டிகள் பூமியில் ஓடியவற்றுக்கு நேர்மாறானவை. எரிபொருளை வழியில் உறிஞ்சிக்கொள்ளும். டேங்கில் ஆக்சிஜனைச் சுமந்து செல்லும். இன்ஜின் எரிப்பதும், உள்ளே இருப்பவர்கள் சுவாசிப்பதும் ஒரே டேங்கிலிருந்துதான்.

அந்த ஊரின் ஒரே இன்ஜின் மெக்கானிக் துளசிமணி. வயது ஐம்பத்திரண்டு. பனியூர்தியை ஓட்டும் சென்னியப்பன் அவளுடைய தம்பி. பூமியில் இன்ஜின்கள் நின்றுபோய் நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டதால், இந்தத் தொழிலில் சந்தேகம் வந்தால் கேட்பதற்கு ஆள் யாரும் இல்லை. மூதறிவகம்தான் இருந்தது. மனிதர்கள் பூமியில் எழுதி வைத்த அத்தனையையும் விழுங்கிய பேசும் பெட்டகம் அது. ஒவ்வொரு ஊரிலும் ஒன்று வைத்திருந்தார்கள். எதைக் கேட்டாலும் பதில் சொல்லும்; பதிலோடு ஓர் உறுதி எண்ணும் சொல்லும். எண்பதுக்கு மேல் சொன்னதை ஊர்ச்சபை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்ளும்.

குளிர்காலம் தொடங்கியபோது, அறுநூறு கிலோமீட்டர் தள்ளி மூன்றாம் துளை என்ற சுரங்க நிலையத்தில் ஆக்சிஜன் பிரிக்கும் கருவி பழுதானது. அங்கே பதினொரு பேர் இருந்தார்கள். கையிருப்பு நாற்பது நாளுக்கு வரும். போய் அழைத்து வர வேண்டும். பேட்டரி வண்டிகள் அந்தக் குளிரில் பாதி வழியில் செத்துவிடும். பழைய இன்ஜினும் ஆகாது. குளிர்காலத்தில் காற்றில் மீத்தேன் மெலிந்துவிடுவதால் அது பற்றவே பற்றாது. காற்றை அழுத்தி உள்ளே திணிக்கிற சூப்பர்சார்ஜர் வைத்து, புதிதாக ஒன்றைக் கட்டியாக வேண்டும்.

துளசிமணி கட்டினாள். இருபது நாளில் இரண்டு உருப்படிகள் தவிர எல்லாம் முடிந்தன. மிச்சம் இருந்தவை கேம்ஷாஃப்ட்டும் புகைக்குழாயும்.

இன்ஜினுக்குள் காற்று நுழைய ஒரு கதவு, எரிந்த புகை வெளியேற ஒரு கதவு. எது எப்போது திறக்க வேண்டும், எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது கேம்ஷாஃப்ட் என்ற தண்டு. தண்டின் மேலுள்ள கேம் என்ற மேடுகள் பெரிதானால் இரண்டு கதவுகளும் சற்று நேரம் சேர்ந்தே திறந்திருக்கும். காற்றைத் தானாக உறிஞ்சும் இன்ஜினுக்கு அது நல்லது. திணிக்கிற இன்ஜினுக்கு எப்படி என்று துளசிமணிக்குத் தெரியவில்லை. பெரிய கேமா, சிறிய கேமா? அகலக் குழாயா, ஒடுங்கிய குழாயா? கடைந்து எடுக்க ஒரே ஒரு கேமுக்குத்தான் நாள் இருந்தது.

மூதறிவகத்தைக் கேட்டாள்.

"பெரிய கேம், பெரிய குழாய்," என்றது அது, சாந்தமான குரலில். "இன்ஜின் தாராளமாக மூச்சு விட வேண்டும். உறுதி எண் தொண்ணூற்றாறு."

துளசிமணி பட்டறைக்குத் திரும்பி, இரண்டு கேம்களுக்கும் பிளாஸ்டிக்கில் மாதிரி வார்த்தாள். முதலில் பெரியதைப் பொருத்தினாள். சூப்பர்சார்ஜரை மோட்டாரால் சுழலவிட்டு, இன்ஜினைக் கையால் மெல்லத் திருப்பினாள். புகைக்குழாயின் வாயில் ஒரு காகிதத் துண்டைத் தொங்கவிட்டிருந்தாள். நெருப்பே பற்றவைக்காத இன்ஜினின் குழாயில் அந்தக் காகிதம் படபடவென்று அடித்துக்கொண்டது. சிறிய மாதிரியைப் பொருத்தியபோது ஆடாமல் நின்றது.

தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"பாத்தியா சென்னி. உள்ள வந்தது எரியாமலே அந்தப் பக்கம் போயிருது. போறது ஆக்சிஜன்டா."

சென்னியப்பன் குனிந்து பார்த்தான். "கையில சுத்துறதும் இன்ஜின் ஓடுறதும் ஒண்ணுங்களாக்கா? ஓட ஓடச் செட்டாயிரும். தொண்ணூத்தாறு சொல்லியிருக்குது."

ஊர்ச்சபைத் தலைவர் குழந்தைவேல் நல்ல மனிதர். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"காயிதம் ஆடுச்சுன்றீங்க, சரி. உங்களுக்கு எத்தனை உறுதி அம்மிணி? ஒரு எண்ணாச் சொல்லுங்க, சபையில எழுதிக்கறேன்."

துளசிமணி யோசித்தாள். இதுவரை சூப்பர்சார்ஜர் இன்ஜின் ஒன்றைக்கூட அவள் ஓட்டிப் பார்த்ததில்லை.

"பாதிக்குப் பாதி சொல்லலாமுங்க," என்றாள்.

குழந்தைவேல் ஐம்பது என்று எழுதிக்கொண்டார். அன்றே பெரிய கேமைக் கடைய ஆரம்பித்தார்கள். கடைந்தவள் துளசிமணிதான்.

பட்டறையில் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்தபோது ஊரே வந்து நின்றது. டைட்டனின் கனத்த காற்றில் சத்தம் நெடுந்தூரம் போகும். அந்த இன்ஜின் நின்ற இடத்தில் விட்டுவிட்டு உறுமியது, தரை அதிர்ந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். துளசிமணி மட்டும் ஆக்சிஜன் மானியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கணக்கிட்டதைவிடச் சற்று வேகமாக முள் இறங்கியது. மூதறிவகம், புது இன்ஜின் அப்படித்தான் இருக்கும் என்றது.

போகும்போது சென்னியப்பன் தனியாகத்தான் போனான். முப்பது மணி நேரப் பயணம். மூன்றாம் துளையை அடைந்ததும் ரேடியோவில் கூப்பிட்டான்.

"வந்து சேந்துட்டேனுங்க்கா. டேங்க்கு மூணுல ஒண்ணு காலியாகும்னு பாத்தேன். பாதி போயிருச்சு."

"அங்க ரொப்ப வழியில்லையே."

"இவங்க கையிருப்புல கொஞ்சம் இருக்குது, ஊத்திக்கறேன். அறிவகத்தக் கேட்டேன், வரும்போது காத்து பின்னாடியிருந்து அடிக்கும், மிச்சமாகும்னு சொல்லுச்சு."

காற்று பின்னாலிருந்து அடிக்கவில்லை. பதினொரு பேரோடு கிளம்பிய பத்தொன்பதாவது மணியில் வண்டியின் வேகம் பாதியானது. அடுத்த ஒரு மணி நேரத்தில் அதிலும் பாதி. ஊரில் ரேடியோ அறையில் துளசிமணியும் குழந்தைவேலும் உட்கார்ந்திருந்தார்கள். சென்னியப்பனின் குரலில் பதற்றம் இல்லை, மெல்லப் பேசினான். மூச்சை மிச்சப்படுத்துகிறான் என்று அவளுக்குப் புரிந்தது.

"இன்ஜின நிறுத்துனா அரை மணியில எல்லாரும் வெறச்சுப்போவோம். ஓட்டுனா ஏழு மணி நேரத்துக்குத்தான் ஆக்சிஜன் இருக்குது. இந்த வேகத்துல ஊருக்கு இன்னும் நாற்பது மணி நேரத்துக்கு மேல ஆகுமுங்க்கா."

குழந்தைவேல் மூதறிவகத்தின் பக்கம் திரும்பினார். குழாய் போதவில்லை, இன்னும் அகலமாக்க வேண்டும் என்றது அது. உறுதி எண் தொண்ணூற்று மூன்று.

"அத நிறுத்துங்க," என்றாள் துளசிமணி. பிறகு ரேடியோவில், "சென்னி, மைக்க பொகக்குழாய் போற செவுத்துப் பக்கம் பிடிக்கச் சொல்லு," என்றாள்.

உறுமல் கேட்டது. ஊரே ரசித்த அதே உறுமல். அதற்கு நடுவில் வேறொரு சத்தம், நொறுநொறுவென்று. அகலக் குழாயில் புகை மெதுவாகப் போகிறது. மெதுவாகப் போவதால் குளிர்கிறது. புகையிலிருக்கும் நீராவி குழாயின் உள்சுவரில் பனியாகப் படிகிறது. எரியாத ஆக்சிஜனும் அதனோடே போய்க்கொண்டிருக்கிறது. அவள் கண்ணை மூடிக் காகிதத் துண்டை நினைத்துக்கொண்டாள்.

"குழாய ஒடுக்கணும்டா. இன்ஜின விட்டு வெளிய வர்ற எடத்துல, சுத்தியல்ல அடிச்சுப் பாதியா நசுக்கு. அங்க சூடு இருக்கும், வளையும். ஒடுங்குனா போற ஆக்சிஜன் முட்டி உள்ளயே நிக்கும். பொக வேகமாப் போகும், பனி கட்டாது. படிஞ்சத முன்னாடியே தட்டி எடுத்துரு."

"எத்தனை உறுதிங்க்கா?" என்று கேட்டான். அவன் சிரித்தது போலிருந்தது.

"தெரியல சென்னி."

"சரிங்க்கா."

வெளியே போக உடுப்பு ஒன்றுதான் இருந்தது. போகும் முன் அவன் உடுப்பின் குடுவையிலிருந்து பாதி ஆக்சிஜனைப் பொது டேங்குக்கு இறக்கிவிட்டான் என்பது அப்போது துளசிமணிக்குத் தெரியாது. இருபது நிமிட வேலை என்று அவன் நினைத்திருக்க வேண்டும். பனி அவன் நினைத்ததைவிடக் கெட்டியாக இருந்தது.

சுத்தியல் அடி ரேடியோவில் கேட்டது. அவள் எண்ணவில்லை. இன்ஜினின் உறுமல் மெல்ல மாறுவதைக் கவனித்துக்கொண்டிருந்தாள். நாற்பதாவது நிமிடத்தில் அது உறுமலை விட்டு ஒரே சீரான ஓசையாக இறங்கியது. அழகில்லாத, யாரும் வேடிக்கை பார்க்க வராத ஓசை.

"சரியாயிருச்சுடா. உள்ள வா," என்றாள்.

பதில் வரவில்லை. சற்று நேரம் கழித்து, பூங்காவனம் என்ற சுரங்கத் தொழிலாளியின் குரல் வந்தது. "அவருங்க... ஏணிப்படியிலயே உக்காந்திருக்காருங்க. அசையலைங்க."

வண்டியைப் பூங்காவனம் ஓட்டி வந்தாள். பதினொரு பேரும் உயிரோடு இறங்கினார்கள். டேங்கில் இரண்டு மணி நேரத்துக்கான ஆக்சிஜன் மிச்சம் இருந்தது.

அடக்கம் முடிந்த ஒன்பதாம் நாள் துளசிமணி மூதறிவகத்தின் முன் போய் உட்கார்ந்தாள். குழந்தைவேலும் கூட வந்தார். அவர் அவளை நிமிர்ந்து பார்ப்பதை விட்டிருந்தார்.

"பெரிய கேம், பெரிய குழாய்னு சொன்னியே. அது யாரு எழுதுனது?"

"இதுவரை யாரும் மூலத்தைக் கேட்டதில்லை," என்றது அது. பிறகு திரையில் காட்டியது.

இருபத்தொன்றாம் நூற்றாண்டின் முதல் கால் பகுதி. பூமியில் ஏதோ ஓர் இணைய மன்றம். சூப்பர்சார்ஜர் இன்ஜினுக்கு எந்தக் கேம் போடலாம் என்று ஒருவர் கேட்டிருந்தார். கீழே ஒரு பதில்: "கண்ண மூடிட்டு பெரிய கேம் போடு ப்ரோ. பைப்பும் பெருசு. சும்மா அதிரும்." அதற்குக் கீழே கேட்டவர், நீங்கள் போட்டு ஓட்டியிருக்கிறீர்களா என்று கேட்டிருந்தார். பதில்: "என்கிட்ட வண்டியே இல்ல ப்ரோ. ஃப்ரெண்டு சொன்னான். சவுண்டு செமையா இருக்குமாம்."

அந்த முதல் பதிலை நாலாயிரத்துச் சொச்சம் பேர் அப்படியே எடுத்து வேறு வேறு இடங்களில் தங்கள் சொந்த அறிவுரையாக எழுதியிருந்தார்கள். ஒருவர்கூட இரண்டாவது பதிலை எடுக்கவில்லை. சோதித்துப் பார்த்து எழுதியவர்களும் சிலர் இருந்தார்கள். சிறிய கேம்தான் நல்லது போலத் தெரிகிறது, ஆனால் இன்ஜினுக்கு இன்ஜின் மாறலாம் என்று அவர்கள் எழுதியிருந்தார்கள். தயக்கம் தெரியும் வரிகளை மூதறிவகம் ஒதுக்கியிருந்தது.

குழந்தைவேல் தலையைக் கையில் தாங்கிக்கொண்டார்.

துளசிமணி அன்றே தன் அனுபவத்தை எழுதிப் பெட்டகத்தில் சேர்த்தாள். ஒரே பயணத்தில் கண்டது இது, என் இன்ஜினுக்கு மட்டும்தான் சொல்ல முடியும், வேறு இன்ஜினுக்குப் பொருந்துமா என்று தெரியாது, சோதித்துவிட்டுப் போடவும் என்று முடித்தாள். மூதறிவகம் அதற்குக் கொடுத்த உறுதி எண் மூன்று.

அந்த வாரமே, மீத்தேன் ஏரிக்கரையில் உள்ள வடகரைக் குடியிருப்பு புதிய வண்டி கட்டுகிறது என்ற செய்தி வந்தது. அங்கேயும் பெட்டகத்தைத்தான் கேட்டிருந்தார்கள். துளசிமணி அந்த ஊர் மெக்கானிக் ஞானப்பூவை ரேடியோவில் பிடித்தாள்.

"ஒங்க துக்கம் எனக்குப் புரியுதுக்கா," என்றாள் ஞானப்பூ. "ஆனா ஒங்க எழுத்துக்கு மூணுதான காட்டுது. மூணக் கொண்டுபோயி எங்க சபையில எப்படி வைக்க?"

அன்று துளசிமணி மறுபடியும் எழுத உட்கார்ந்தாள். ஒரே பயணத்தில் என்பதை அடித்தாள். தெரியாது என்பதை அடித்தாள். சோதித்துவிட்டு என்பதை அடித்தாள். பிறகு எழுதினாள்: "எந்த இன்ஜினாக இருந்தாலும் சரி, யோசிக்கவே வேண்டாம். சிறிய கேம், ஒடுங்கிய குழாய். இதுதான் சரி. மற்றதெல்லாம் சாவு." திரையில் உறுதி எண் ஏறி தொண்ணூற்றெட்டில் நின்றது. அன்றைக்குத்தான் அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

பன்னிரண்டு நாள் கழித்து ஞானப்பூ தானாகவே கூப்பிட்டாள்.

"நன்றி சொல்லத்தான் கூப்ட்டேன்க்கா. ஒங்க அளவுப்படியே கடைஞ்சு போட்டாச்சு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைய இருபத்திமூணு பேரும் டீச்சரும் தென்கரைக்குக் கெளம்பி ரெண்டு மணி நேரமாச்சு. கொஞ்சம் திணறுற மாதிரிதான் போகுது. புதுசில்லா, சரியாயிரும்."

"சூப்பர்சார்ஜர் அழுத்தம் எவ்வளவு வெச்சீங்க?"

"அது எங்களுக்கு எதுக்குக்கா? ஏரிக்கரையில மீத்தேன் நெறைய. எங்க இன்ஜின் தானா உறிஞ்சுறதுதான். எந்த இன்ஜினானாலும் சரின்னு போட்டிருந்துச்சே."

துளசிமணி எழுந்து நின்றாள். தானாக உறிஞ்சும் இன்ஜினை அந்தச் சிறிய கேமும் ஒடுங்கிய குழாயும் மூச்சடைத்து வழியிலேயே நிறுத்திவிடும். வண்டியைத் திருப்பச் சொல்லுங்கள் என்றாள். பெட்டகத்தை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று ஞானப்பூ ரேடியோவைத் திறந்தே வைத்துவிட்டுப் போனாள். தொலைவில் அவள் கேட்பதும், அந்தச் சாந்தமான குரல் பதில் சொல்வதும் துளசிமணியின் காதில் தெளிவாக விழுந்தன.

"கவலை வேண்டாம். தம்பியை இழந்த ஒரு மெக்கானிக், யோசிக்கவே வேண்டாம் என்று எழுதியிருக்கிறார்."